ஒரு கை எழுத, மறு கையும் ஏன் அசைகிறது?

கேள்வி:

என் மகளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. வலது கையால் எழுதும்போது அவளுடைய இடது கை விரல்களும் அதே மாதிரி அசைகின்றன. கைக்குழந்தையாக இருக்கும்போதே கவனித்தோம். ஒரு கையை மூடினால் மற்றதும் மூடும். வளர்ந்தால் போய்விடும் என்றார்கள், போகவில்லை. படிப்பில் கெட்டி. ஆனால் வகுப்பில் டீச்சர் இதை விளையாட்டுத்தனம் என்று நினைத்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எழுதச் சொல்கிறார். எம்.ஆர்.ஐ. எடுத்தோம், நார்மல். அப்புறம் மரபணுப் பரிசோதனையில் டி.சி.சி. என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதாக வந்தது. "நரம்பு குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் சரியாகக் கடக்கவில்லை" என்றார் டாக்டர். வெளியே கூட்டம் காத்திருந்ததால் மேற்கொண்டு கேட்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அந்த மரபணுவின் பெயரைத் தேடினால் பெருங்குடல் புற்றுநோய் என்று வருகிறது. தூக்கமே போய்விட்டது.

எனக்கு இந்தத் தொந்தரவு எதுவும் இல்லை. ஆனால் என் அம்மாவுக்கு இந்த வயதிலும் பூ கட்ட வராது. இரண்டு கை விரல்களும் ஒன்றோடொன்று போட்டி போடும் என்பார். மனைவி என் தாய்மாமன் மகள். அவள் கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று காய் நறுக்கியதால்தான் இப்படி என்று வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். ஒரு நரம்புக்கு எங்கே போக வேண்டும் என்று எப்படித் தெரியும்? எங்கள் குழந்தைக்கு மட்டும் அது ஏன் தவறியது? பயிற்சி கொடுத்தால் சரியாகுமா? இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? கீபோர்டு வகுப்பில் சேர வேண்டும் என்கிறாள், சேர்க்கலாமா?

பதில்:

தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம்.

1990-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பெர்ட் வோகல்ஸ்டைன் குழுவினர் பெருங்குடல் புற்றுக்கட்டிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பல கட்டிகளின் செல்களில் 18-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அந்தத் துண்டில் இருந்த மரபணுவுக்கு, பெருங்குடல் புற்றில் இல்லாமல் போனது என்ற பொருளில் பெயர் வைத்து, அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து டி.சி.சி. என்றார்கள். நரம்பு மண்டலத்தில் அதற்கு என்ன வேலை என்பது 1996-இல்தான் தெரிந்தது. அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது. கட்டியாகிவிட்ட ஒரு செல்லுக்குள் அந்தத் துண்டு தொலைவது வேறு. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக நம்மிடம் இருக்கிறது. உங்கள் மகளைப் போல அவற்றில் ஒன்றில் பிறவியிலேயே மாற்றம் இருப்பது வேறு. இப்படிப் பிறந்தவர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாக வருவதாக இதுவரை தெரியவரவில்லை. அதற்கென்று தனிப் பரிசோதனை எதுவும் செய்யச் சொல்வதும் இல்லை. அந்தத் தேடல் பக்கங்களை மூடிவிடுங்கள்.

கிரகணத்துக்கும் காய் நறுக்கியதற்கும் இதில் ஒரு சம்பந்தமும் கிடையாது. கரு உருவான அன்றைக்கே அந்த மாற்றம் இருந்தது. உங்கள் அம்மாவுக்குப் பூ கட்ட வராத கதையைக் கேட்டால், அது எந்த வழியாக வந்திருக்கும் என்று ஊகிக்கவும் முடிகிறது. மருமகளைச் சொல்லிக் காட்டுகிறவர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். பழியை அப்படியே மாமியார் பக்கம் திருப்பிவிட வேண்டாம். அவரும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை.

இந்த நிலையை நாங்கள் பிறவி மிரர் மூவ்மென்ட் என்கிறோம். சின்னக் குழந்தைகள் எல்லோரிடமும் இது கொஞ்சம் இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளையிடம் கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொல்லி, மடியில் சும்மா கிடக்கும் மறு கையைப் பாருங்கள், லேசாக எதிரொலிக்கும். ஏழு வயதுவாக்கில் அது மங்கி, பத்துக்குள் அனேகமாக மறைந்துவிடும். உங்கள் மகளிடம் அது கைக்குழந்தைப் பருவத்திலேயே அழுத்தமாக இருந்தது, ஒன்பது வயதிலும் அப்படியே இருக்கிறது, பாட்டிக்கும் இருக்கிறது. மரபணு முடிவு வராவிட்டாலும் பாதி விஷயம் இதிலேயே தெரிந்துவிடும்.

சரி, ஒரு நரம்புக்கு எங்கே போக வேண்டும் என்று எப்படித் தெரியும்? உண்மையைச் சொன்னால், அதற்குத் தெரியாது.

கருவில் ஒரு நரம்பு செல் தன் இடத்தில் உட்கார்ந்ததும், தன்னிடமிருந்து ஒரு மெல்லிய நாரை நீட்டத் தொடங்குகிறது. இதைத்தான் ஆக்சான் என்கிறோம். அந்த நாருக்குள் வரைபடம் எதுவும் கிடையாது. நாரின் நுனி தான் இருக்கும் இடத்தைத் தடவிப் பார்க்கிறது. அங்கே கிடைக்கும் அடையாளத்தை வைத்து அடுத்த அடி எடுக்கிறது. முன்பின் தெரியாத ஊருக்குப் போகிறவர் ஒவ்வொரு முக்கிலும் விசாரித்து விசாரித்துப் போவாரே, அப்படி.

இந்த நுனியை முதலில் கண்டு சொன்னவர் ஸ்பெயினைச் சேர்ந்த சாந்தியாகோ ரமோன் இ காஹல். 1890-இல் கோழிக் கருவின் தண்டுவடத்துக்குச் சாயமேற்றிப் பார்த்தபோது, வளரும் நார்களின் நுனி கூம்பாகத் தடித்திருந்தது. வளர்ச்சிக் கூம்பு என்று பெயர் வைத்தார். அவர் கண்ணில் பட்டது உயிர் போன திசு. ஆனாலும் உயிரோடு இருக்கும்போது அது முட்டி மோதி முன்னேறும் என்றும், ஏதோ வேதிப்பொருள் அதை இழுக்கிறது என்றும் துணிந்து எழுதினார். அன்றைக்குப் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. பல செல்கள் சங்கிலியாகக் கோத்துத்தான் நரம்பு உண்டாகிறது என்று ஒரு கட்சி வலுவாக இருந்தது. 1907-இல் ராஸ் ஹாரிசன் அந்தச் சண்டையை முடித்துவைத்தார். தவளைக் கருவின் நரம்புக் குழாயிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, கண்ணாடித் தகட்டில் தொங்கும் ஒரு சொட்டு நிணநீரில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தார். செல்லிலிருந்து நார் நீண்டு நகர்ந்தது. உடலுக்கு வெளியே செல்களை வளர்க்கும் கலையே அந்தச் சொட்டிலிருந்துதான் தொடங்கியது என்பார்கள்.

அந்தக் கூம்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில் இருக்கும். அதிலிருந்து ஊசி போன்ற மெல்லிய நீட்சிகள் எல்லாத் திசையிலும் வெளியே வரும். ஒன்று நீளும், எதையாவது தொடும், சில நிமிடங்களில் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்குள் வேறொன்று வேறு பக்கம் நீண்டிருக்கும். நீட்சியின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்ற புரதங்கள் பதிந்திருக்கின்றன. வெளியே இருக்கும் குறிப்பிட்ட ஒரு புரதம் வந்து ஒட்டினால்தான் அந்தந்த ஏற்பி விழித்துக்கொள்ளும். தனக்கு இசைவான பொருள் பட்ட பக்கத்தில் நீட்சி நிலைத்து நிற்கும், உள்ளிருக்கும் சட்டகம் அந்தப் பக்கமாக நகர்ந்து வரும், நார் அங்கே திரும்பும். ஆகாத பொருள் பட்டால் அந்தப் பக்கம் சுருங்கிவிடும். சில சமயம் கூம்பு முழுவதுமே கசங்கி, கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்து, பிறகு வேறு பக்கம் கிளம்பும். இப்படி மணிக்குச் சில பத்து மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). ஒரு நாள் முழுக்கப் போனால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்.

இவ்வளவு மெதுவாகப் போய் எப்படி ஊர் சேரும் என்று தோன்றும். முதல் நார்கள் கிளம்பும்போது கரு அத்தனை சிறியது. கடக்க வேண்டிய தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த முன்னோடி நார்கள் பாதை போட்டுவிட்டால், பின்னால் வருபவை அவற்றைத் தொட்டுக்கொண்டே போய்விடும். உடல் வளர வளரப் பாதையும் சேர்ந்து நீளும். வெட்டுக்கிளியின் காலில் இதை அழகாகப் பார்த்திருக்கிறார்கள். முன்னோடி நார் போகும் வழியில் அங்கங்கே சில செல்கள் வழிகாட்டிகளாக நிற்கின்றன. 1983-இல் பெர்க்லியில் டேவிட் பென்ட்லியும் மைக்கேல் காடியும் அதில் ஒரு ஜோடியை அழித்துப் பார்த்தார்கள். நார் அந்த இடம் வரை ஒழுங்காக வந்து, அதன்பின் தடுமாறிப் போனது.

பயிற்சி கொடுத்தால் நரம்பு சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை 1940-களில் ஒருவர் தவளையிடம் கேட்டார்.

அந்தக் காலத்தில் பால் வைஸ் என்ற பெரிய ஆய்வாளர், நரம்பு நார் எங்கே போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்லை, பழக்கத்தில் எல்லாம் ஒழுங்குபட்டுவிடும் என்ற கருத்தில் இருந்தார். அவருடைய மாணவர் ராஜர் ஸ்பெரிக்கு அதில் நம்பிக்கை இல்லை. தவளைகளுக்குப் பார்வை நரம்பை வெட்டினாலும் மறுபடி வளர்ந்து பார்வை திரும்பும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஸ்பெரி நரம்பை வெட்டியதோடு நிற்காமல், கண்ணையும் அதன் குழியிலேயே 180 டிகிரி திருப்பி வைத்தார். நரம்பு வளர்ந்தது, பார்வையும் வந்தது. ஆனால் ஈயை மேலே காட்டினால் தவளை கீழே தரையைக் கொத்தியது. முன்னால் காட்டினால் பின்னால் தாவியது. எத்தனை முறை ஏமாந்தாலும், எவ்வளவு பசித்தாலும், அது கடைசிவரை திருந்தவில்லை. கண் தலைகீழாகிவிட்டதைப் பற்றி நார்களுக்குக் கவலையே இல்லை. ஒவ்வொன்றும் மூளையில் தன் பழைய இடத்தையே தேடிப் போய் ஒட்டிக்கொண்டது. 1963-இல் ஸ்பெரி இதைத் தொகுத்து எழுதினார்: நாருக்கும் அதன் இலக்குக்கும் இடையில் வேதி அடையாளம் இருக்கிறது, அதுதான் பொருத்தம் பார்க்கிறது. (1981-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இதற்காக அல்ல, மூளையின் இரு அரைக்கோளங்களைப் பற்றிய வேறு ஆய்வுக்காக. என்னைக் கேட்டால் தவளைக்கே கொடுத்திருக்கலாம்.)

அந்த அடையாளங்களைக் கையில் பிடிக்க இன்னும் முப்பது வருடம் ஆனது. ஜெர்மனியில் ட்யூபிங்கன் நகரில் ஃப்ரீட்ரிக் போன்ஹோஃபர், கோழிக் கருவின் பார்வை மையத்தில் முன்பக்கச் சவ்வையும் பின்பக்கச் சவ்வையும் பட்டை பட்டையாக மாற்றி மாற்றிப் பூசி, அதன்மேல் விழித்திரை நார்களை வளரவிட்டார். முன்பக்கத்தில் போய்ச் சேர வேண்டிய நார்கள் முன்பக்கப் பட்டையிலேயே ஓடின. முன்பக்கம் இழுத்ததால் அல்ல, பின்பக்கம் விரட்டியதால். 1995-இல் விரட்டும் அந்தப் புரதங்கள் பிடிபட்டன. எஃப்ரின் குடும்பம் என்று இப்போது சொல்கிறோம்.

உங்கள் மகளுக்கு நேராகச் சம்பந்தப்பட்டது நடுக்கோடு. உடம்பின் இடது பாதிக்கும் வலது பாதிக்கும் நடுவில், தலையிலிருந்து வால் வரை கருவில் ஓடும் கோடு. சில நார்கள் அதைத் தொடவே கூடாது. சில கடந்தே ஆக வேண்டும், ஆனால் ஒரே ஒரு முறை. கடந்த பிறகு திரும்பி வந்தால் எல்லாம் கெட்டது. இதை ஒரு நுனி எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

தண்டுவடத்தின் முதுகுப் பக்கத்தில் பிறக்கும் சில செல்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் நார்கள் வயிற்றுப் பக்கமாக இறங்கி, நடுக்கோட்டில் மறுபக்கம் கடந்து, உடனே மூளை இருக்கும் திசையில் திரும்ப வேண்டும். அவற்றைக் கீழே இழுப்பது எது என்று கண்டுபிடிக்க, சான் ஃபிரான்சிஸ்கோவில் மார்க் டெஸ்ஸியே-லவீன் குழுவினர் சுமார் 25,000 கோழிக் கருக்களின் மூளையிலிருந்து புரதங்களைப் பிரித்து வடிகட்டினார்கள். 1994-இல் நெட்ரின் என்ற புரதம் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அது முன்பே தெரிந்த புரதம்தான். ஒரு மில்லிமீட்டர் நீளமும் 302 நரம்பு செல்களும் மட்டுமே உள்ள சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவில், ஒழுங்காக நெளியத் தெரியாத ஒரு ரகத்தை ஆராய்ந்து அதே குடும்பப் புரதத்தை 1992-இலேயே வேறொரு குழு கண்டிருந்தது. புழுவில் வழிகாட்டிய புரதம் கோழியிலும் வழிகாட்டுகிறது, நம்மிலும் வழிகாட்டுகிறது.

நெட்ரின் இருந்தால் போதாது, அதை உணர நாரின் நுனியில் ஓர் ஏற்பி வேண்டும். 1996-இல் தெரியவந்த அந்த ஏற்பிதான் டி.சி.சி. உங்கள் மகளின் ரிப்போர்ட்டில் இருக்கும் அதே பெயர்.

நெட்ரின் இழுத்து நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால், நார் அங்கேயே தங்கிவிடாதா? தங்கிவிடும், இன்னொரு ஏற்பாடு இல்லாவிட்டால். பெர்க்லியில் கோரி குட்மனின் ஆய்வகத்தில் 1993-இல் ஒரு விசித்திரமான பழ ஈ கிடைத்தது. அதில் நார்கள் நடுக்கோட்டைக் கடந்து, மறுபடி கடந்து, சுற்றிச் சுற்றி வந்தன. அதில் பழுதாகியிருந்த மரபணுவுக்கு ரோபோ என்று பெயர் (இயந்திர மனிதன் அல்ல, 'ரவுண்டபவுட்' என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம்). ஸ்லிட் என்ற புரதத்தை நடுக்கோட்டுச் செல்கள் சுரக்கின்றன, ரோபோ அதை உணர்ந்து நாரை விரட்டும் ஏற்பி என்று 1999-இல் தெளிவானது. ஆக நடுக்கோட்டில் இழுக்கும் பொருளும் இருக்கிறது, விரட்டும் பொருளும் இருக்கிறது, இரண்டும் எப்போதும் அங்கேயேதான். மாறுவது நாரின் நுனி. கடக்கும் முன் ரோபோவை அது மேற்பரப்புக்கு வரவிடாமல் அமுக்கி வைத்துக்கொள்கிறது, அதனால் விரட்டல் உறைக்காது. கடந்ததும் ரோபோவை வெளியே விடுகிறது. அதுவரை இனித்த இடம் அப்போதிலிருந்து ஆகாது. ரோபோ வேலை செய்யத் தொடங்கினால் டி.சி.சி.யின் வாயையும் அடைத்துவிடுகிறது என்று 2001-இல் காட்டினார்கள், அதனால் திரும்பிப் பார்க்கவும் வழியில்லை.

பாடப்புத்தகத்தில் நெட்ரின் தூரத்திலிருந்து வாசனை மாதிரி பரவி இழுப்பதாகப் படம் போட்டிருப்பார்கள். 2017-இல் வந்த ஆய்வுகள் அதைக் கொஞ்சம் திருத்தின. நடுக்கோட்டுச் செல்கள் சுரப்பதைவிட, போகும் வழியில் உள்ள மற்ற செல்கள் சுரந்து பாதையோரத்தில் படிய வைக்கும் நெட்ரின்தான் முக்கியம் என்று பின்மூளையில் தெரிந்தது. நான் படித்த காலத்துப் படம் பாதி பழசாகிவிட்டது.

இப்போது உங்கள் மகளின் கைக்கு வருவோம். கையை அசைக்கும் கட்டளை மூளையின் மேலடுக்கான புறணியிலிருந்து கிளம்பும் நார்க் கற்றை வழியாக இறங்குகிறது. ஒரு பக்கத்துக்குச் சுமார் பத்து லட்சம் நார்கள். மூளைத்தண்டின் அடியில், முகுளம் முடிந்து தண்டுவடம் தொடங்கும் இடத்தில், பத்தில் எட்டு ஒன்பது நார்கள் எதிர்ப்பக்கம் கடக்கின்றன. அதனால்தான் இடது மூளை வலது கையை ஆட்டுகிறது. இந்தக் கடத்தல் கர்ப்பத்தின் பாதிக்குள்ளேயே முடிந்துவிடும். உங்கள் மகளுக்குக் கடக்க வேண்டிய நார்களில் ஒரு பங்கு கடக்காமல் அதே பக்கமாகவே இறங்கியிருக்கிறது. வலது கைக்கு என்று கிளம்பும் கட்டளை இடது கைக்கும் போய்ச் சேருகிறது. இதை நேரடியாகச் சோதிக்கலாம்: தலைக்கு வெளியிலிருந்து ஒரு பக்கப் புறணிக்கு மட்டும் காந்தத் துடிப்பு கொடுத்தால் நமக்கு எதிர்க் கை மட்டும் துடிக்கும், இவர்களுக்கு இரண்டு கையும் ஒரே நொடியில் துடிக்கும். இரண்டு அரைக்கோளங்களும் ஒன்றையொன்று அடக்கி வைக்கும் ஏற்பாடும் இவர்களிடம் தளர்ந்திருக்கிறது. அதனால் மறுபக்கப் புறணியும் கூடச் சேர்ந்துகொள்கிறது. எம்.ஆர்.ஐ. நார்மல் என்று வந்ததில் ஆச்சரியம் இல்லை. வழக்கமான ஸ்கேனில் மூளையின் வடிவம் தெரியும், எந்த நார் எந்தப் பக்கம் போனது என்பது அனேகமாகத் தெரியாது.

டி.சி.சி.க்கும் இதற்கும் உள்ள தொடர்பு 2010-இல் வெளியானது. கியூபெக்கின் ஒரு பிரெஞ்சு-கனடியக் குடும்பத்திலும் ஓர் ஈரானியக் குடும்பத்திலும் தலைமுறை தலைமுறையாக மிரர் மூவ்மென்ட் இருந்தது, இரண்டிலும் டி.சி.சி. மாறியிருந்தது. பிறகு வேறு சில குடும்பங்களில் நெட்ரின் மரபணுவிலேயே மாற்றம் கண்டார்கள். சுண்டெலியிலும் இப்படித்தான்: வழிகாட்டும் ஏற்பிகளில் குறிப்பிட்ட சிலவற்றை நீக்கிவிட்டால் அது கால்களை மாற்றி மாற்றி வைக்காமல், இடதும் வலதும் சேர்த்துத் தூக்கி முயல் போலத் தாவுகிறது. ஒரு சின்ன சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். கீழிறங்கும் புறணி நார்களில் மட்டும் டி.சி.சி.யை எடுத்த எலிகளில் அந்த நார்கள் ஒழுங்காகவே கடக்கின்றன. ஆகவே பழுது அந்த நாரிலேயே இருக்க வேண்டும் என்று இல்லை. அவை வருவதற்கு முன் நடுக்கோட்டை அமைக்கும் மற்ற செல்களிடம் இருக்கலாம். உங்கள் டாக்டர் சொன்ன ஒரு வரிக்குள் இவ்வளவு இருக்கிறது. கூட்டம் இருக்கும் நாளில் அவர் அந்த ஒரு வரியோடு நிறுத்தியதைக் குறை சொல்ல மாட்டேன்.

"எங்கள் குழந்தைக்கு மட்டும் ஏன்" என்கிறீர்கள். உங்களுக்கே அந்த மாற்றம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. டி.சி.சி.யில் மாற்றம் இருப்பவர்கள் எல்லோருக்கும் அறிகுறி வருவதில்லை. ஒரே குடும்பத்தில் பாட்டிக்கு இருக்கும், மகனுக்குத் தெரியாது, பேத்தியிடம் வெளிப்படும். எத்தனை நார்கள் கடந்தன, எத்தனை நின்றன என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது.

பயிற்சிக்கு வருவோம். தவறின பாதையைத் திரும்பப் போட முடியாது. அந்த வேலை பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஸ்பெரியின் தவளை மாதிரி உங்கள் மகள் ஏமாந்துகொண்டே இருக்க வேண்டியதும் இல்லை. மனுஷப் பிள்ளை வேறு வழி கண்டுபிடித்துவிடும்: மறு கையை மேசையில் அழுத்தி வைப்பாள், எதையாவது பிடித்துக்கொள்வாள், வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்வாள். அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டினால் இந்த உத்திகளை ஒழுங்காகச் சொல்லித்தருவார். மாத்திரை கிடையாது. இது வயதோடு முற்றுகிற வியாதியும் அல்ல, அறிவைத் தொடுவதும் அல்ல. ஸ்டெம் செல் ஊசி போட்டு நரம்பைச் சரிசெய்கிறோம் என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். இந்தியாவில் அதற்கான தேசிய வழிகாட்டு நெறிகளில் இப்படிப்பட்ட நிலைக்கு அதைச் சிகிச்சையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இரண்டு விஷயங்களை நினைவூட்டுங்கள். மிரர் மூவ்மென்ட் சில சமயம் கழுத்தெலும்புகள் ஒட்டியிருக்கும் பிள்ளைகளிடமும், வாசனை தெரியாமல் பருவமடைதலும் தாமதமாகும் கால்மன் சிண்ட்ரோமிலும் வரும். உங்கள் மகளுக்குக் காரணம் தெரிந்துவிட்டதால் இவை அனேகமாக இருக்காது. ஆனாலும் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதற்கும், காப்பித்தூளை மோந்து பார்க்கச் சொல்வதற்கும் செலவு ஒன்றும் இல்லை.

அடுத்த குழந்தை பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு இந்த மாற்றம் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது போக வாய்ப்பு சரிபாதி. போனாலும் பெரும்பாலும் இவளைப் போலவோ, உங்களைப் போல ஒன்றும் தெரியாமலோதான் இருக்கும். நான் கவலைப்படுவது வேறு. உங்கள் அம்மாவுக்கு அது அவருடைய பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால், அவருடன் பிறந்தவரான உங்கள் மாமனாருக்கும் அது இருக்கலாம். அப்படியானால் உங்கள் மனைவிக்கும் இருக்கலாம். கணவன் மனைவி இருவரிடமும் இருந்தால், நாலில் ஒரு குழந்தைக்கு இரண்டு பிரதிகளும் மாறியே கிடைக்கும். அது மிரர் மூவ்மென்ட்டோடு நிற்காது. இரு அரைக்கோளங்களை இணைக்கும் கார்பஸ் கலோசமே உருவாகாமல், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, முதுகெலும்பு வளைவு, கண்ணைப் பக்கவாட்டில் திருப்ப முடியாமை என்று கடுமையாக இருக்கும். ஆகவே கருத்தரிக்கும் முன்பே நீங்கள் இருவரும் இரத்தம் கொடுத்துப் பாருங்கள். மரபணுவில் எந்த இடம் மாறியிருக்கிறது என்று ரிப்போர்ட்டில் இருப்பதால் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், முழுச் சோதனையைவிடச் செலவு குறைவு. முடிவை வைத்துக்கொண்டு மரபியல் ஆலோசகர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். மனைவியிடம் மாற்றம் இல்லை என்று வந்தாலும், கர்ப்பத்தின் 18–20 வார ஸ்கேன் எடுக்கும்போது இந்த விவரத்தைச் சொல்லி, கார்பஸ் கலோசத்தைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பிரதி மாறியிருந்தால்கூடச் சிலருக்கு அது உருவாகாமல் போவதுண்டு.

பள்ளிக்கூடம். இடது கையைப் பின்னால் வைக்கச் சொல்வது உடனே நிற்க வேண்டும். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அடக்கச் சொன்னால் ஓரளவு அடக்குவாள், ஆனால் கவனமெல்லாம் அடக்குவதிலேயே போய் எழுத்து கோணலாகும். நிறைய நேரம் எழுதினால் இவர்களுக்கு எழுதாத கையும் சேர்ந்து வலிக்கும், அதையும் டீச்சரிடம் சொல்லுங்கள். டாக்டரிடம் ஒரு பக்கத்துக்குக் கடிதம் வாங்கித் தலைமையாசிரியரிடம் நேரில் கொடுங்கள். போர்டில் இருப்பதைப் பக்கம் பக்கமாக நகலெடுக்கச் சொல்வதைக் குறைக்கலாம், தேர்வில் கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்கலாம். பொதுத் தேர்வுக்கு இப்படிச் சலுகை வேண்டுமானால் மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு வரும்வரை காத்திருக்காமல் ஒன்பதாம் வகுப்பிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டு அவளுக்குக் கஷ்டமான வாத்தியம், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. இரண்டு கையும் இரண்டு வேலை செய்ய வேண்டும், அதுவும் விரல் விரலாக. ஆனால் ஆசைப்படுகிறாள், சேர்த்துவிடுங்கள். சொல்லித்தருபவரிடம் முன்னாலேயே விஷயத்தைச் சொல்லி, முதலில் ஒரு கையில் மட்டும் வாசிக்கும் பாடங்களாகப் பார்த்துத் தரச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் அவளே சொல்வாள், அப்போது பாட்டு வகுப்புக்கு மாற்றிக்கொள்ளலாம்.